பிரைஸ் கேன்யன் ஒருநாள் பயணம்: விளிம்போடு திரும்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் போதும். ஆனால் காரிலேயே சுற்றி, பள்ளத்தின் விளிம்பில் நின்று படம் எடுத்துத் திரும்பினால் பாதிகூடப் பார்த்ததாகாது. இங்குள்ள ஹூடு என்னும் செந்நிறப் பாறைத் தூண்களுக்கு நடுவே இறங்கி நடக்கும்போதுதான் இடத்தின் அருமை தெரியும்.

லாஸ் வேகஸிலிருந்து சுமார் நான்கு மணி நேரப் பயணம். யூட்டா நேரம் லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவைவிட ஒரு மணி முன்னே ஓடும். இதை மறந்தால் வந்து சேர்வதற்குள் சன்செட் பாயின்ட் என்ற காட்சி முனையில் கார் நிறுத்த இடம் இருக்காது. கோடையில் நுழைவாயிலுக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் போவதே நிம்மதி. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களில் 16 வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதல் வேலையாக குவீன்ஸ் கார்டன் – நவாஹோ லூப் நடை. சன்ரைஸ் பாயின்டில் இறங்கி, சன்செட் பாயின்டில் ஏறுங்கள். மொத்தம் 4.7 கிலோமீட்டர், சுமார் 600 அடி இறக்கமும் ஏற்றமும், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். இறக்கம் குவீன்ஸ் கார்டன் பக்கம் சாய்வாக, மெதுவாகப் போகும். செங்குத்தான நவாஹோ பக்கத்தில் இறங்கினால் கால் வழுக்கும். வால் ஸ்ட்ரீட் என்ற இடுக்கில் இருபுறமும் சுவர்போல் பாறை எழும்ப, நடுவே டக்ளஸ் ஃபிர் மரங்கள் வெயிலைத் தேடி நெட்டையாக வளர்ந்து நிற்கும். தலையை அண்ணாந்துகொண்டே நடக்க வைக்கும் இடம். குளிர்காலத்தில் இந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். பாறை வெடிப்பில் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து விரிவடையும், பகலில் உருகும். கற்கள் பெயர்ந்து விழும். இந்தத் தூண்களைச் செதுக்கியதும் அதே உறைபனிதான், ஆறு அல்ல.

செருப்பும் வழவழப்பான ஓட்டக் காலணியும் வேண்டாம். பாதை முழுக்கச் சிதைந்த சுண்ணாம்புக்கல் துகள். கோலிக்குண்டு போல் காலடியில் உருளும். கணுக்கால் பிசகுவது இங்கே அதிகம் நடக்கும் விபத்து. ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பகுதியும் கணுக்காலைப் பிடிக்கும் உயரமும் உள்ள பூட்ஸே சரி. கீழே குடிதண்ணீர் கிடையாது. மேலேயே நிரப்பி ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பே 8,000 அடி உயரம் என்பதால் கடைசி ஏற்றத்தில் நன்றாக மூச்சு வாங்கும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை வரக்கூடும். இடிச் சத்தம் கேட்டால் விளிம்பில் நிற்காமல் காருக்குள் போய்விடுங்கள்.

மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது. பிறகு எங்கும் நிறுத்தாமல் 29 கிலோமீட்டர் ஓட்டி, 9,115 அடி உயரத்தில் சாலை முடியும் ரெயின்போ பாயின்டுக்கே நேராகப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது காட்சி முனைகள் எல்லாம் வலப்பக்கம் வரும், எதிர்வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டியதில்லை. நேரம் போதாவிட்டால் நேச்சுரல் பிரிட்ஜ் என்ற பாறை வளைவில் மட்டும் நிறுத்தினால் போதும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு சன்ரைஸ் முதல் சன்செட் பாயின்ட் வரை விளிம்போரம் தளமிட்ட பாதை உண்டு. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவுதான், சக்கர நாற்காலியும் போகும்.