பெரியப்பாவின் நாலு நோட்டும் ஒரு டி.டி.பி. கடையும்

எங்கள் பெரியப்பா தன் கதையை நாலு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்திருந்தார். மன்னார்குடியில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து நூறு பிரதி புத்தகமாகப் போட்டோம். கடை எப்படி என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கடைப் பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், ஓனர் நல்ல மனிதர், மனசு கஷ்டப்படுவார்.

முதலில் பணம். டைப்பிங் பக்கத்துக்கு 30 ரூபாய், டெம்மி சைஸ் அச்சு பிரதிக்கு 110. பைண்டிங் கெட்டி, நடுவில் விரித்து அழுத்திப் பார்த்தேன், தாள் கழன்று வரவில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான அடையாள எண்) வாங்கித் தர 2,500 கேட்டார்கள், அதைக் கொடுக்காதீர்கள், அரசாங்கம் அதை இலவசமாகத்தான் தருகிறது.

அட்டைக்கு நெட்டிலிருந்து ஒரு ஏர் மாட்டுப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். பெரியப்பா பார்த்த உடனே "இது காங்கேயம்பா, நம்ம சேத்துல இது எங்க உழுவும்?" என்றார். அவர் ஏழு வயசில் மேய்த்தது உம்பளச்சேரி மாடு. குட்டைக் கொம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை. கடைசியில் எங்கள் தெரு ஆள் ஒருவர் வீட்டு மாட்டையே போனில் எடுத்துக் கொடுத்தோம்.

இனி டைப்பிங். பெரியப்பா 1946-இல் பிறந்தவர், மிராசுதார் நிலத்தில் வேலை பார்த்த பண்ணையாளின் மகன். அவர் எழுத்து பேச்சு மாதிரியேதான் இருக்கும், மரக்கா என்றுதான் எழுதுவார், மரக்கால் என்று எழுத மாட்டார். கடையில் டைப் அடிக்கிற பெண் எல்லாவற்றையும் நல்ல தமிழாக்கிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "மூணு கலம் நெல்" என்று அவர் எழுதியது "மூன்று களம் நெல்" ஆகிவிட்டது. அறுப்பு முடிந்த வயலில் எலி வளையை வெட்டி, அதற்குள் எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சியதை நாலு பக்கம் எழுதியிருந்தார், அது முழுக்க "எலி வலை". வலையில் எப்படி நெல் இருக்கும் என்று படிக்கிறவன் மண்டையை உடைத்துக்கொள்வான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அவர் பிறப்பதற்கு முன்னால் அவருடைய அப்பாவைக் களத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்துச் சாணிப்பால் குடிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அதைக் கேள்விப்பட்டதே இல்லை போல, எழுத்துப்பிழை என்று நினைத்து "பால் குடிக்க வைத்தார்கள்" என்று அடித்துவிட்டது. பெரியப்பா லென்ஸை வைத்துக்கொண்டு புரூஃப் பார்த்தவர் அந்த வரியில் விரலை வைத்து, "அடிச்ச களைப்புக்குப் பால் குடுத்துருக்காரு பாரு, தங்கமான மிராசுதாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவரைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். "சாணியிலயா தாத்தா?" என்று கேட்டது அந்தப் பெண். "ஆமா பாப்பா, தண்ணியில கரைச்சு" என்றார். அது கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடவே இல்லை. அப்புறம் முழுசையும் நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தியது, அதற்குக் காசு வாங்கவில்லை. தினமும் போன் வேறு. கலம்னா என்ன தாத்தா? பன்னெண்டு மரக்கா ஒரு கலம். 1952 சட்டம்னு எழுதியிருக்கீங்களே? அது பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். நிறையக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்.

ஓனர் விஷயம் ஒன்று. பதினாறு பக்கம் ஒரு பாரம், புத்தகம் 142 பக்கம் வந்தது, ஒன்பது பாரத்துக்கு இரண்டு பக்கம் குறைகிறது. கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றிப் பெரியப்பா ஒரே பக்கம்தான் எழுதியிருக்கிறார்: 1968 டிசம்பர் 25, கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டது, குடிசைக்குள் எரிந்த 44 பேர். "அய்யா, இதையே இன்னும் ரெண்டு பக்கம் நீட்டிக் குடுத்தீங்கன்னா பாரம் முழுசா வந்துரும்" என்றார் ஓனர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தாள் கணக்கில் சொன்னார். பெரியப்பா, "காலியாவே கெடக்கட்டும் தம்பி" என்றார். கடைசி இரண்டு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

நாலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். நீங்களும் அங்கே புத்தகம் போடக் கொடுப்பதாக இருந்தால் நோட்டோடு போய் முதல் இருபது பக்கத்துக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள், வட்டாரச் சொல்லைத் திருத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு புரூஃப் போதாது, மூன்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, 83-ஆம் பக்கத்தில் ஒரு "எலி வலை" தப்பித்து அச்சுக்கே போய்விட்டது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து நீலப் பேனாவால் ஒவ்வொரு பிரதியிலும் அந்த ல-வை அடித்து மேலே ள போட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் வரைக்கும் அறுபத்திரண்டு ஆகியிருந்தது.