மவுண்டை நிரப்பக் கண்ணாடிப் பசையா, இருபாக யூரித்தேனா?

எஞ்சினைக் காரின் சட்டத்தோடு பிணைத்து அதிர்வைத் தாங்கும் எஞ்சின் மவுண்டின் ரப்பர் கிழியாமல் தளர்ந்து மட்டும் போயிருந்தால், அதன் இடைவெளிகளை இறுகினால் ரப்பர் போலாகும் யூரித்தேனால் வீட்டிலேயே நிரப்பலாம். கார் முன்கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசை மலிவு. குழாயிலிருந்து பிதுக்கி அடைத்தால் போதும். ஆனால் காற்றின் ஈரத்தை வாங்கி, வெளியிலிருந்து உள்ளே, நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் இறுகும். ஒரு வாரம் கழித்து அறுத்துப் பார்த்தேன்: மேலே கெட்டித் தோல், நடுவில் கறுப்புக் களிம்பு.

இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் இருபாக யூரித்தேனில் இந்தத் தொல்லை இல்லை. அளவு தப்பாமல் கலந்து ஊற்றினால் ஆழம் முழுவதும் ஒரே சீராக இறுகும். கடினத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். தினமும் ஓட்டும் காருக்கு ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 60 போதும். 80 போட்டால் எஞ்சின் அவ்வளவாக அசையாது, ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் கையில் அதிரும். ஈரம்தான் இருபாக யூரித்தேனுக்கு எதிரி, நீர் பட்டால் நுரைத்துக் குமிழி விடும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ரப்பரை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் டேப் ஒட்டி ஊற்றுங்கள். இதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைப் பாதிக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

என் தேர்வு இருபாக யூரித்தேன்தான். திரவம் நிரம்பிய ஹைட்ராலிக் மவுண்டுக்கு மட்டும் இரண்டும் வேண்டாம்; புதிதாக வாங்கி மாட்டுங்கள்.