தொழில்முறைப் பரீட்சைகளில் புள்ளி எங்கே விழுகிறது? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கான பயன்பாட்டு அனுபவம்

ஒரு பரீட்சைக் கணக்கு: கல்முனையில் ஒரு துணிக்கடை. கடையிலுள்ள சரக்கின் பெறுமதி 20 லட்சம் ரூபா; காப்புறுதி செய்திருப்பதோ 15 லட்சத்துக்கு. மார்கழி வெள்ளத்தில் 4 லட்சம் ரூபாத் துணி நாசம். ஒப்பந்தத்தில் ஆவரேஜ் நிபந்தனை (பெறுமதியில் எந்தப் பங்குக்குக் காப்புறுதி செய்தோமோ, நட்டத்திலும் அந்தப் பங்கே கிடைக்கும்) இருக்கிறது, முதல் 50,000 ரூபாவைக் கடைக்காரரே தாங்கவேண்டும் என்ற எக்ஸஸும் இருக்கிறது. கைக்கு வருவது எவ்வளவு?

இருபதுக்குப் பதினைந்து என்றால் முக்கால். நாலு லட்சத்தில் முக்கால் 3 லட்சம், எக்ஸஸ் போக 2,50,000. எக்ஸஸை முதலில் கழித்துவிட்டு முக்காலால் பெருக்கினால் 2,62,500 வரும். ஆவரேஜை மறந்தால் 3,50,000. எக்ஸஸை மறந்தால் 3,00,000. பல்தேர்வு வினாவில் நான்கு விடைகளாக நிற்பவை இந்த நான்கு எண்களும்தான். தவறான விடைகள் எழுந்தமானமாக எழுதப்படுவதில்லை. மாணவர் எந்த இடத்தில் வழுக்குவார் என்று தெரிந்துதான் வைக்கப்படுகின்றன. நமது விடை அங்கே இருப்பதைக் கண்டு நிம்மதியடைவதில் பொருளில்லை.

கணக்கியல், நிதி, காப்புறுதித் தொழில்முறைப் பரீட்சைகளைப் பல வருடங்களாகக் கூர்ந்து பார்த்ததில் ஒன்று உறுதி. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாடம் தெரியாமல் கோட்டை விடுவது குறைவு. எந்தப் பரீட்சையில் எதற்குப் புள்ளி என்று தெரியாமல், எல்லாவற்றையும் உயர்தர வர்த்தகப் பாடம் போலவே எழுதுவதுதான் அதிகம்.

முகாமைக் கணக்காளர் தகைமையான சிமாவின் தொழில்முறை மட்டக் குறுவினாக் கணினிப் பரீட்சையில் 90 நிமிடத்தில் 60 வினா. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். ஒரு வினாவில் மூன்று கூற்றுகளைத் தெரிவுசெய்யச் சொல்லி, இரண்டு சரியாக இருந்தாலும் புள்ளி பூச்சியமே. அதேநேரம் தவறுக்குப் புள்ளி கழிக்கப்படுவதும் இல்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமனே விட்டு வரக்கூடாது. சித்தியெல்லை 150க்கு 100. இதை மூன்றில் இரண்டு பங்கு வினா சரியாக இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொள்வது பிழை. அது அளவுத்திட்டப்படுத்திய புள்ளி. வினாத்தாளின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்படுவது. முதலீட்டுப் பகுப்பாய்வுத் தகைமையான சிஎஃப்ஏயின் முதலாம் மட்டத்திலும் வேகம் அதுவேதான்: 180 வினா, இரண்டு அமர்வு, அமர்வுக்கு 135 நிமிடம், வினாவுக்குத் தெரிவுசெய்ய மூன்று விடைகள்.

இன்னொரு கணக்காளர் தகைமையான ஏசிசிஏயில் கதை வேறு. இரண்டாம் படியான திறன் பாடங்கள் பெரும்பாலும் மூன்று மணித்தியாலம், 100 புள்ளி, சித்திக்கு 50. புள்ளிக்கு 1.8 நிமிடம் என்று கணக்கு வையுங்கள். 20 புள்ளி வினாவுக்கு 36 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. அவற்றுள் சில பாடங்களில் முதல் 60 புள்ளி குறுவினாக்கள், கடைசி 40 புள்ளிக்கு இரண்டு நெடுவினாக்கள். நெடுவினாவை மனிதர் திருத்துகிறார். அங்கேதான் துணிக்கடைக் கணக்கின் பெறுமதி மாறுகிறது. விரிதாளில் வெறும் விடை எண்ணை மட்டும் தட்டினால், அது பிழையாக இருந்தால் எல்லாம் போயிற்று. அதே கட்டத்தில் =400000*15/20-50000 என்று சூத்திரமாக எழுதினால், திருத்துபவர் கட்டத்தை அழுத்தி வழிமுறையைப் பார்ப்பார். ஒரு எண்ணைத் தவறாக எடுத்திருந்தாலும் முறைக்கான புள்ளி கிடைக்கும். முதற்படியில் விட்ட பிழை அடுத்த படிக்குக் கடந்துபோனால் இரண்டாம் தடவை தண்டிக்கமாட்டார்கள். கல்குலேட்டரில் போட்டு விடையை மட்டும் தட்டும் பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் உண்டு. தயவுசெய்து முதல் மாதத்திலேயே அதை விடுங்கள்.

எழுத்து வினாவில் இன்னொரு பள்ளம். ‘கடைக்காரருக்கு ஏன் 4 லட்சம் கிடைக்கவில்லை என விளக்குக’ என்று கேட்டால், நம் பிள்ளைகள் இழப்பீட்டுத் தத்துவத்தின் வரைவிலக்கணத்தில் தொடங்கி, காப்புறுதி செய்தகு ஆர்வம், அண்மைக் காரணம் என்று எல்லாத் தத்துவங்களையும் ஒரு பக்கத்துக்கு எழுதுவார்கள். எழுதியது அத்தனையும் சரி, புள்ளி மட்டும் சொற்பம். தேவை ஒரு வசனம்: ‘உங்கள் சரக்கில் கால் பங்கு காப்புறுதி இல்லாமல் இருந்தது, அந்தக் கால் பங்கு நட்டத்தை நீங்களே சுமக்கவேண்டும்.’ அதன்பின் எண். எக்ஸ்பிளெயின் என்றால் காரணத்தோடு. இவேலுவேட் என்றால் இரு பக்கத்தையும் எடைபோட்டு முடிவு சொல்லி. ரெக்கமண்ட் என்றால் என்ன செய்யவேண்டும் என்று திட்டமாக. இந்த ஏவற்சொற்களின் எடை, தமிழில் படித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்குத் தானாக வராது. பழைய வினாத்தாள் ஒவ்வொன்றிலும் அவற்றுக்குக் கோடிட்டுப் பழகவேண்டும்.

சிமாவின் கேஸ் ஸ்டடி இதற்கும் அடுத்த படி. மூன்று மணித்தியாலம், சித்திக்கு 150க்கு 80. கற்பனை நிறுவனம் ஒன்றின் விபரம் பல வாரங்களுக்கு முன்பே கையில் தரப்படும். அதை மனப்பாடம் செய்வது வீண். பரீட்சையில் பகுதிகள் நேரத்தோடு பூட்டிக்கொள்ளும், திரும்பிப்போய்த் திருத்த முடியாது. துணிக்கடை அங்கே வந்தால், பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு ஏறும் மாதங்களில் காப்புறுதித் தொகையையும் ஏற்றச் சொல்லி உரிமையாளருக்கு எழுதுவதே புள்ளி தரும் வேலை.

காப்புறுதிக்கென்றே உள்ள சிஐஐ தகைமை கிரெடிட் முறையில் ஏறுவது: சான்றிதழுக்கு 40, டிப்ளோமாவுக்கு 120, ஏசிஐஐ பட்டத்துக்கு 290. சில அலகுகள் பல்தேர்வு, சில ஒப்படை. ஒப்படையில் பாடநூலை அப்படியே இறக்கி வைத்தால் பிடிபடும். சொந்த வசனத்தில், தரப்பட்ட சம்பவத்தோடு ஒட்டி எழுதவேண்டும். உள்ளூரில் காப்புறுதி முகவராகப் பதிவதற்கு இலங்கைக் காப்புறுதி நிறுவகம் நடத்தும் ஆட்சேர்ப்புக்கு முந்திய பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் கைவராதவர் அதில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

ஏசிசிஏ 2026 மார்ச் முதல், விதிவிலக்கான சூழல் தவிர, வீட்டிலிருந்து எழுதும் வசதியை நிறுத்துவதாக அறிவித்தது. அக்கரைப்பற்றிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ போகிறவருக்கு இது சிறிய விடயமல்ல. கொழும்பு நிலையத்தில் எழுதுவதானால் இரவு பஸ்ஸில் போய் இறங்கி அப்படியே காலை அமர்வுக்கு உட்காராதீர்கள். 90 விநாடி வினாக்களில் அந்தத் தூக்கக் கலக்கம் அப்படியே தெரியும். பிற்பகல் அமர்வு கிடைத்தால் எடுங்கள், இல்லையேல் முதல் நாளே போய்த் தங்குங்கள். மாரி காலத்தில் வெள்ளம் பாதையை மறிப்பதால் டிசம்பர் அமர்வுக்கு இரண்டு நாள் முந்துவது நல்லது.

பதிவின்போது பெயரைக் கவனியுங்கள். நமக்குத் தகப்பன் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே. பாடசாலையில் முதலெழுத்து மட்டும். விண்ணப்பத்தில் முதலெழுத்தைப் போட்டு, அடையாள அட்டையில் முழுப்பெயர் இருந்தால் நிலையத்தில் உள்ளே விடாமல் திருப்பலாம். கட்டிய காசும் போய்விடும். சிஎஃப்ஏக்குக் கடவுச்சீட்டு வேண்டும், கல்குலேட்டரும் டெக்சாஸ் பிஏ 2 பிளஸ் அல்லது எச்பி 12சி வகைதான். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்து, அதே வரிசையில் பதிந்துகொள்ளுங்கள்.