ஜீப்பில் பிரேக் ஏர் எடுப்பது: வால்வு ட்யூபுடன் ஐந்து வருடம்

முன் சக்கரத்துக்குத் தனி லைன், பின் சக்கரத்துக்குத் தனி லைன் என்று இருக்கும் பழைய ஜீப் என்னுடையது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கோத்தகிரி மலைப்பாதையில் அடிக்கடி இறங்குவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுவேன். ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். நான் ஊற்றுவது டாட் 4.

லைனுக்குள் புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. அதற்கு ஒருவழி வால்வு வைத்த ட்யூபை வாங்கியதே பெடல் மிதிக்க ஆள் தேடாமல் இருக்கத்தான். ஆயில் மாற்றும் வேலைக்கு இது அருமை. ஆனால் நிப்பிளை, அதாவது சக்கரத்தருகே ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகை, கால் சுற்றுக்கு மேல் திறந்தால், பெடல் மேலே வரும்போது மரை வழியாகக் காற்று உள்ளே வருகிறது, ட்யூபில் குமிழி நிற்கவே நிற்காது. முதல் தடவை இது புரியாமல் அரை லிட்டர் ஆயிலை வீணாக்கினேன். வீல் சிலிண்டரோ (சக்கரத்தில் பிரேக்கை அழுத்துவது) மாஸ்டர் சிலிண்டரோ (பெடலை மிதித்தால் ஆயிலை லைனுக்குள் தள்ளுவது) மாற்றினால் இன்றைக்கும் தம்பியைத்தான் கூப்பிடுகிறேன். "மிதிடா", "அப்படியே பிடி", நிப்பிளை இறுக்கினதும் "சரி, விடு". அதற்கு இணையாக எதுவும் இல்லை. ஒன்று மட்டும் அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், பெடலைத் தரை வரை அழுத்தாதே என்று. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் வைத்துவிடுவேன், ஏனென்றால் பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு படிந்திருக்கும், ரப்பர் அங்கே போய் உரசினால் கிழிந்துவிடும்.

ஏர் எடுக்கும் வரிசை, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமானது முதலில்: பின் இடது, பின் வலது, அப்புறம் முன் இடது, முன் வலது. வெளிநாட்டு வீடியோக்களில் பின் வலதுதான் முதலில் வரும், அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். நமக்கு மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால் பின் இடதுதான் தூரம். முன் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரை மட்டும் கழற்றியிருந்தால், டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும், பின் லைனைத் தொடவே வேண்டாம். லைன் தனித்தனியாக இருப்பதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது பின் லைன்தான். சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன், ஆக்சில் தொங்கியது, நிப்பிளைத் திறந்தால் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குழாய் அடைப்பு என்று ஒரு ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள், புதுக் குழாயும் போட்டேன், அப்படியேதான் இருந்தது. ஆக்சிலுக்கு மேலே சுமையைப் பொறுத்து வேலை செய்யும் வால்வு ஒன்று இருக்கிறது. ஆக்சில் தொங்கினால் வண்டியில் பாரமே இல்லை என்று எடுத்துக்கொண்டு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்ததும் ஆயில் ஒழுங்காகப் பாய்ந்தது.

ஏர் எல்லாம் எடுத்த பிறகும் பெடல் கீழே போகிறதா? இரண்டு தடவை மிதித்துப் பாருங்கள். மேலே ஏறி, கல் மாதிரி நின்றால் முதலில் டிரம் ஷூ இடைவெளியைப் பார்த்து அட்ஜஸ்ட் செய்யுங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் இன்னும் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி பின் இடதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெயின்ட்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.