ஏதீனா ஸ்வான் சாசனம்: சின்னத்தை நம்பலாமா?

பிரிட்டனில் உள்ள பல்கலைக்கழகத் துறைகளின் இணையப் பக்கங்களில், பெரும்பாலும் அடிப்பகுதியில், பாலினச் சமத்துவத்துக்காக உழைக்கும் துறைகளுக்கு ஏதீனா ஸ்வான் சாசனம் தரும் விருதின் சின்னம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிநிலைகளில் அது வழங்கப்படுகிறது. ஆய்வுப் பணியில் சேர விரும்பும் பெண்கள் பலர், இச்சின்னம் இருந்தாலே அந்தத் துறையில் தங்கள் முன்னேற்றத்துக்குத் தடை இருக்காது என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே ஒரு துறையின் சுயமதிப்பீட்டுக் குழுவில் இருந்து இந்த விருதுக்கான விண்ணப்பம் தயாரித்தவள் என்ற முறையில், இந்த ஏற்பாடு எதைச் சாதிக்கிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்பதை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம், மருத்துவம் ஆகிய துறைகளில் பெண்களின் பணி முன்னேற்றத்துக்காக 2005இல் தொடங்கப்பட்ட இந்தச் சாசனம், 2015இல் கலை, சமூக அறிவியல் துறைகளுக்கும் நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இப்போது அட்வான்ஸ் எச்.இ. என்ற உயர்கல்வி மேம்பாட்டு அமைப்பு இதை நடத்துகிறது. முதல் தங்க விருதை 2007இல் யார்க் பல்கலைக்கழக வேதியியல் துறை பெற்றது.

இதன் மிகப் பெரிய பலம், ஒரு துறை தன்னைப் பற்றிய எண்களைத் தானே எடுத்துப் பார்க்க வேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்துவதுதான். முனைவர் பட்ட மாணவர்கள், பட்டம் பெற்றபின் ஆய்வைத் தொடரும் முதுமுனைவர் ஆய்வாளர்கள், விரிவுரையாளர்கள், பேராசிரியர்கள் என ஒவ்வொரு படியிலும் பெண்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர் என்று பல ஆண்டுகளுக்கான அட்டவணையைக் குழுவின் முன் விரித்து வைத்தபோது, படி ஏற ஏறப் பெண்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதை யாராலும் மறுக்க முடியவில்லை. அதுவரை "தகுதியான பெண்கள் விண்ணப்பிப்பதில்லை" என்று சொல்லிவந்த மூத்த பேராசிரியர்களும், பதவி உயர்வுக்கு அவர்கள் ஏன் விண்ணப்பிப்பதில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். விசாரித்ததில் காரணம் எளிமையாகவே இருந்தது. ஆண்களிடம் துறைத்தலைவர் போகிற போக்கில் "இந்த ஆண்டு விண்ணப்பியுங்கள்" என்று சொல்லியிருந்தார்; பெண்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு, எல்லோருடைய தன்விவரக் குறிப்பையும் ஆண்டுதோறும் ஒரு குழுவே படித்து, தகுதி பெற்றவர்களை விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும் என்பது விண்ணப்பத்தோடு துறை தர வேண்டிய செயல்திட்டத்தில் இடம்பெற்றது. மாலை ஐந்து மணிக்கு நடந்துவந்த ஆய்வரங்கு மதியத்துக்கு மாறியது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புபவருக்கு, ஆய்வை மீண்டும் கையில் எடுக்க ஒரு பருவம் கற்பித்தலிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. குழந்தை பிறந்தபின் ஆய்வைத் தொடர முடியுமா என்று தவிக்கும் ஒருவருக்கு இந்த ஒரு பருவம் எவ்வளவு பெரியது என்பது, அதைக் கடந்து வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த வேலையைச் செய்தது யார்? குழுக் கூட்டங்களை ஒருங்கிணைத்ததும், கருத்துக் கணிப்பு நடத்தியதும், நீண்ட விண்ணப்பத்தை வரிக்கு வரி எழுதியதும் பெரும்பாலும் பெண்களே. கட்டுரைகளும் நிதிநல்கை விண்ணப்பங்களும் எழுத வேண்டிய நேரத்தில் அவர்கள் இதை எழுதிக்கொண்டிருந்தார்கள். பதவி உயர்வுக் குழுவோ அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களின் முன்னேற்றத்துக்கான திட்டமே அவர்களின் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்துவது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது. 2020இல் வெளியான சுதந்திரமான மறுஆய்வும் இந்த நிர்வாகச் சுமையைச் சுட்டிக்காட்டியது. அதன் பின் விண்ணப்ப முறை எளிதாக்கப்பட்டு, விருதின் காலம் ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது நல்ல மாற்றம்.

பணம் இதோடு எப்படிப் பிணைந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட பெரிய மருத்துவ ஆய்வு நிதிக்கு, வெள்ளி விருது பெறாத மருத்துவக் கல்லூரிகள் பரிசீலனைப் பட்டியலில் இடம்பெறாது என்று இங்கிலாந்தின் அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் 2011இல் அறிவித்தார். அதன் பின் இந்த விருதுக்கு மருத்துவக் கல்லூரிகளின் விண்ணப்பங்கள் பெருகின. 2020இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. நிதி வழங்குபவர்கள் அதைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து, ஏனெனில் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அதிகாரம் தன் பழக்கங்களை மாற்றிக்கொள்வதை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பெரிய குறை, குறுகிய கால ஒப்பந்தத்தில் இருக்கும் முதுமுனைவர் ஆய்வாளர்களைப் பற்றியது. பெண்கள் அதிகமாக வெளியேறும் கட்டம் இதுதான். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போதே ஒப்பந்தம் முடிந்துவிடுகிற ஒருவருக்கு, வழிகாட்டிச் சந்திப்புகளும் பயிற்சிப் பட்டறைகளும் பெரிதாக உதவுவதில்லை. எத்தனை ஒப்பந்தங்கள் நிரந்தரப் பணியாக மாற வேண்டும் என்று சாசனம் எந்தத் துறையையும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆகவே, பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் சின்னத்தின் நிறத்தோடு நின்றுவிட வேண்டாம். விருது பெற்ற துறைகள் பலவும் தங்கள் விண்ணப்பத்தை இணையத்தில் வெளியிடுகின்றன. அதன் இறுதியில் உள்ள செயல்திட்ட அட்டவணையைப் படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளர் யார், கெடு எது என்று அதில் இருக்கும். நேர்காணலில் கேள்வி கேட்க வாய்ப்புத் தரும்போது, கெடு கடந்துவிட்ட ஒரு வரியைக் குறிப்பிட்டு, அது நிறைவேறியதா என்று துறைத்தலைவரிடமே கேளுங்கள்.