வாடகைப் பாக்கிக்குக் கடிதம் அடிக்கக் குடுத்து ஏமாந்தேன் – திருகோணமலை ஆட்கள் கவனம்

வீட்டில் இருப்பவர் வாடகை தராமல் இழுத்தடித்தால், "லோயர் கடிதம் நான் அடிச்சுத் தாறன்" என்று சொல்லுகிற ஆட்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். நான் போய் 17,500 ரூபாயைக் குடுத்தேன். காசைவிடப் பெரிய நட்டம், என் பக்க நியாயத்தை அந்தக் கடிதமே கெடுத்தது.

பாலையூற்றில் அம்மாவின் பேரில் ஒரு வீடு. அம்மா இப்போது உவர்மலையில் என்னோடு இருக்கிறா. அந்த வாடகைதான் அவவின் மருந்துக் காசு. 2023 பெப்ரவரியில் ஒரு குடும்பத்துக்குக் குடுத்தோம். மாதம் 28,000, முற்பணம் மூன்று மாதம், அதாவது 84,000. புத்தகக் கடையில் வாங்கின படிவத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்தோம். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போகவில்லை, அந்தச் செலவு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒக்டோபர் வரை ஒழுங்காகத் தந்தார்கள். நவம்பரில் 15,000 மட்டும் வந்தது. அதற்குப் பிறகு "அடுத்த கிழமை அக்கா, கொந்தராத்துக் காசு வரவேணும்" என்பதுதான். ஐந்தாம் திகதிக்குள் தரவேண்டும் என்று பேச்சு. 2024 மார்ச் ஐந்து தாண்டும்போது பாக்கி 125,000.

தெரிந்த ஒருவர் சொல்லித்தான் அந்த ஆளிடம் போனேன். மேசை, கணினி, இறப்பர் முத்திரை, சட்ட அலுவலகம் என்று அச்சடித்த கடிதத் தாள், எல்லாம் இருந்தது. சட்டத்தரணியா என்று நான் கேட்கவில்லை. 7,500 வாங்கிக்கொண்டு அரை மணித்தியாலத்தில் கடிதம் அடித்தார். வாசித்துப் பார்க்கச் சொல்லாமலே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா" என்றார். வைத்தேன். தானே ஆள் விட்டுக் குடுப்பிக்கிறேன் என்றார். ஒரு கிழமை கழித்து, பதில் இல்லை, வழக்குப் போடவேண்டும் என்று இன்னும் 10,000 வாங்கினார். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, வழக்கு இலக்கம் வரும்போது சேர்த்துத் தருவாராம்.

மூன்றாம் நாள் பொலிஸிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. முறைப்பாடு செய்தது குடியிருந்தவர்.

மேசைக்கு மேல் அந்தக் கடிதத்தை விரித்து வைத்து, "அக்கா, இது உங்கட கையெழுத்தோ?" என்று கேட்டார் அதிகாரி. அப்போதுதான் முதல்தடவை அதை முழுதாக வாசித்தேன். "சுமார் இரண்டு இலட்சம் ரூபா வாடகையும் ஏனையவையும் உடனடியாகச் செலுத்தப்படல் வேண்டும். தவறின் ஏழு நாட்களில் மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் தங்கள் பொருட்கள் வீதியில் போடப்படும்." அதற்குக் கீழே நீல மையில் என் பெயர். சட்டத்தரணி என்று யாருடைய பெயரும் அதில் இல்லை. முற்பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆண்டு இல்லாத திகதி. கொண்டுபோன பையன் அதைப் படலையில் நின்ற அவர்களின் சின்னப் பிள்ளையின் கையில் குடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

குடியிருந்தவர் அமைதியாகச் சொன்னார்: "சேர், என்ர 84,000 இவவிட்டத்தான் கிடக்குது. கழிச்சா 41,000. இரண்டு லட்சம் எங்கயிருந்து வந்தது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து மாதம் காசுக்கு அலைந்தவள் நான். அந்த அறையில் மிரட்டியவளாகவும் பொய்க் கணக்குச் சொன்னவளாகவும் நின்றேன். அன்று இரவு அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் நீதிமன்றப் பதிவகத்துக்குப் போய், அம்மாவின் பெயரிலோ என் பெயரிலோ வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அந்த ஆளுக்கு எடுத்தால் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது.

பிறகு உண்மையான ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். அவர் முதலில் கேட்டது: "நல்லகாலம், கரண்டை வெட்டவில்லைத்தானே?" குடியிருப்பவரைப் பலாத்காரமாக வெளியேற்றினால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டு மாதத்துக்குள் போனால் அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை எடுக்கலாம். வாடகை பாக்கியா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. கோபத்தில் பூட்டை மாற்றுகிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்த்தும் தலையை ஆட்டினார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதவேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறதாம். நான் மிச்சம் பிடித்த செலவு அது.

அவர் எழுதின கடிதம் ஒரே ஒரு பக்கம். வீட்டின் முகவரி, எப்போதிருந்து இருக்கிறார், மாத வாடகை எவ்வளவு. பிறகு கணக்கு: நவம்பர் 28,000, கிடைத்தது 15,000, மீதி 13,000. டிசம்பர் 28,000. ஜனவரி 28,000. இப்படியே மார்ச் வரை வரிக்கு வரி, கடைசியில் 125,000. முற்பணம் 84,000 கையில் இருக்கிறது, ஒப்பந்தப்படி வீட்டை ஒப்படைக்கும்போதுதான் அதற்குக் கணக்குப் பார்ப்பது என்று தனியாக ஒரு வசனம். பதினான்கு நாள் தவணை, காசு போடவேண்டிய வங்கிக் கணக்கு இலக்கம், தவறினால் சட்ட நடவடிக்கை. அவ்வளவுதான். ஒரு சுடுசொல்லும் இல்லை. "பிறகு இதை நீதவான் வாசிப்பார் எண்டு நினைச்சு எழுதோணும்" என்றார். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தந்த துண்டைப் பிரதியில் ஒட்டி வைக்கச் சொன்னார். வீட்டை விடச் சொல்லும் அறிவித்தல் வேறு விடயம், அதை இதற்குள் கலக்கவேண்டாம் என்றும் சொன்னார். அந்த அறிவித்தல் போனபிறகு காசு வந்தால் தன்னைக் கேட்காமல் வாடகை என்று எழுதிப் பற்றுச்சீட்டு குடுக்கக் கூடாதாம், குடுத்தால் அறிவித்தலை நானே கைவிட்டதாக அவர்கள் வாதாட இடம் வரும்.

இந்த அளவு தொகைக்கு நேரே வழக்குக்குப் போகவும் ஏலாது. முதலில் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை இந்தச் சபைகள். இணங்காவிட்டால் அங்கே தருகிற சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். லோயர்மார் உங்களுக்காக அங்கே பேச முடியாது, நாமே போய்ப் பேசவேண்டும். நான் அந்த ஒரு பக்கத்தையும் தபால் துண்டையும் முன்னால் வைத்தேன். குடியிருந்தவர் விரலை வைத்து ஒவ்வொரு மாதமாகப் பார்த்தார். மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. பழைய கடிதத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அது என் கடமை. ஏப்ரல் முடிய வீட்டை விடுவதாக இணங்கினார். ஏப்ரல் வாடகையும் சேர்த்து 153,000. முற்பணம் கழித்து 69,000. அதை மூன்று தவணையாக 23,000 வீதம் தருவதாகக் கையெழுத்து வைத்தார்.

முதல் தவணை வந்துவிட்டது. இரண்டாவது பத்து நாள் பிந்தி வந்தது. மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன்.

கடிதம் அடித்த ஆளைப் பற்றி எழுத்தில் முறைப்பாடு குடுத்து, முறைப்பாட்டு இலக்கமும் வாங்கி வைத்திருக்கிறேன். அவரிடம் "வழக்குப் போட" என்று காசு குடுத்தவர்கள் வேறும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இருந்தால் இன்றைக்கே பதிவகத்தில் போய் உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். லோயருக்குக் குடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம், வருமானம் குறைந்தவர்களுக்கென்றே இருக்கிற இடம் அது. எனக்கு அது முதலில் தோன்றியிருந்தால் அம்மாவின் ஒரு மாத மருந்துக் காசு அந்த மேசைக்குப் போயிருக்காது.