பெருவில் பஸ்ஸா, கொலெக்டிவோவா, டாக்சியா?

லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றே கால் மணி நேரம். பஸ்ஸில் சுமார் 1,100 கிலோமீட்டர், இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏஜென்சி பேக்கேஜ் இல்லாமல் பெருவைச் சொந்தமாகச் சுற்ற நினைப்பவர்கள் முதலில் கணக்குப் போடுவது இந்த ஒரு பயணத்தைத்தான். நானும் போட்டேன். ஓர் இரவு ஓட்டல் வாடகை மிச்சம் என்று பஸ்ஸில் ஏறினேன்.

நாஸ்கா தாண்டி வண்டி கிழக்கே திரும்பி மலை ஏறத் தொடங்கியபோது நல்ல இருட்டு. கடலோரத்திலிருந்து ஒரே இரவில் 4,000 மீட்டருக்கு மேல் போகிற சாலை அது. நடுராத்திரியில் தலை விண்ணென்று தெறித்தது, மூச்சு பாதியிலேயே நின்றது. பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி என்னைப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த துணிப்பையில் கைவிட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். 'அகுவா ஃப்ளோரிடா' என்கிற வாசனைத் தண்ணீர். என் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கையையும் தேய்த்து முகர்ந்து பார் என்று சைகை காட்டினார். ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. "சொரோச்சே" என்றார். மலை உயரத்தால் வரும் தலைவலிக்கும் வாந்திக்கும் அங்கே அதுதான் பெயர்.

அந்த இரவுக்கு அப்புறம் பெருவில் எதில் ஏறுவது என்று தீர்மானிக்கும்போது நான் கட்டணத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது இரண்டு விஷயம்: வழி எவ்வளவு உயரம் ஏறுகிறது, ஏறும்போது வெளிச்சம் இருக்குமா.

கடலோரம்: பஸ்தான், யோசிக்கவே வேண்டாம்

லிமாவுக்குத் தெற்கே பராகாஸ், இகா, நாஸ்கா என்று பாலைவனத்தை ஒட்டியே சாலை போகிறது. பராகாஸ் நாலு மணி நேரம், நாஸ்கா சுமார் 450 கிலோமீட்டர். உயரப் பிரச்சினையே இல்லை. இந்தப் பக்கம் ஓடும் பெரிய இரண்டடுக்கு பஸ்களுக்கு வேறெதுவும் போட்டியில்லை.

சீட்டில் முக்கியமாக இரண்டு வகை. 'செமி காமா' என்பது 140 டிகிரி வரை சாயும், 'காமா' 160 டிகிரி. பெரும்பாலும் கீழ்த்தளத்தில்தான் காமா, சீட்டும் குறைவு, ஆட்டமும் குறைவு. மேல்தளத்தின் முன்வரிசையில் கண்ணாடி வழியாகக் காட்சி அருமையாக இருக்கும். ஆனால் மோதல் என்று வந்தால் முதலில் அடிபடுவது அந்த வரிசைதான். பகல் பயணமானாலும் நான் அங்கே உட்காருவதில்லை.

டிக்கெட் வாங்க பாஸ்போர்ட் எண் வேண்டும். குரூஸ் டெல் சூர், ஒல்துர்சா போன்ற பெரிய கம்பெனிகளில் பெட்டியை எடைபோட்டு, வில்லை ஒட்டி, ரசீது தருவார்கள். இறங்கும்போது அந்த ரசீதைக் காட்டினால்தான் பெட்டி கைக்கு வரும், அதனால் அதைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லிமாவில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரே பஸ் ஸ்டாண்ட் கிடையாது. அவரவருக்கு அவரவர் டெர்மினல், சிலருக்கு ஊரின் இரண்டு மூலைகளில் இரண்டு. டிக்கெட்டில் போட்டிருக்கும் முகவரியைப் படித்துவிட்டு டாக்சி பிடியுங்கள்.

மலிவு பஸ்கள் பாதிக் கட்டணத்துக்கும் கிடைக்கும். வழியெல்லாம் நின்று ஆள் ஏற்றுவார்கள், ஓட்டுநர் மாறுவாரா என்று தெரியாது. இங்கே மட்டும் காசு பார்க்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். 2018 ஜனவரி 2 அன்று லிமாவுக்கு வடக்கே பசமாயோ என்ற இடத்தில், செங்குத்தான பாறை விளிம்பில் போகும் சாலையில், ஒரு பஸ் லாரியோடு மோதிக் கடற்கரையில் விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அது பட்டப்பகலில் நடந்தது. வெளிச்சம் மட்டும் போதாது, வண்டியும் ஓட்டுபவரும் சாலையும் சேர்ந்துதான் பாதுகாப்பு. அந்த விபத்துக்கு அப்புறம் அந்தப் பாறைச் சாலையில் பயணிகள் பஸ் போகத் தடை வந்தது.

மலை: படிப்படியாக, பகலில்

குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. டிடிகாக்கா ஏரிக்கரையில் இருக்கும் புனோ 3,800. நேராக அங்கே போய் இறங்குவதற்கும் நடுவில் தங்கித் தங்கி ஏறுவதற்கும் உடம்பில் தெரியும் வித்தியாசம் பெரிது. பஸ்ஸின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. லிமா, பராகாஸ், நாஸ்கா, அப்புறம் அரெகிபா. அரெகிபா 2,300 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். அங்கே இரண்டு மூன்று நாள் தங்கினால் உடம்பு பழகிவிடும். விமானத்தால் இந்த ஒன்றைத் தர முடியாது.

நாஸ்காவிலிருந்து அரெகிபாவுக்கு இரவு பஸ் பரவாயில்லை, வழியில் பெரும்பகுதி கடலோரம்தான். அரெகிபாவிலிருந்து புனோவுக்கு மட்டும் பகலில் போங்கள். ஆறு மணி நேரம். சாலை 4,400 மீட்டரைத் தாண்டி ஏறி லகூனியாஸ் ஏரியை ஒட்டிப் போகும். வறண்ட புல்வெளியில் ஒட்டக இனத்தைச் சேர்ந்த விக்குன்யா கூட்டம் மேயும். இரவில் போனால் குளிர் மட்டும்தான் மிச்சம். அரெகிபா டெர்மினலில் டிக்கெட் போக, சில சோல் (பெருவின் நாணயம்) கொடுத்து நுழைவுச் சீட்டு ஒன்று தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் பஸ்ஸுக்கு விடமாட்டார்கள்.

புனோவிலிருந்து குஸ்கோவுக்கு இரண்டு விதமான பஸ். சாதாரண பஸ் ஆறேழு மணி நேரம். சுற்றுலா பஸ் பத்து மணி நேரம், விலையும் அதிகம். ஆனால் புகாராவில் நிறுத்துவார்கள், 4,335 மீட்டரில் இருக்கும் லா ராயா கணவாயில் நிறுத்துவார்கள், ராக்சியில் இன்கா கடவுள் விராகோச்சாவின் கோயிலின் உயரமான மண்சுவரைப் பார்க்கலாம், ஆண்டவைலியாஸ் தேவாலயத்தில் கூரை வரை ஓவியம். இந்த இடங்களுக்குத் தனித்தனியாக டாக்சி பிடித்தால் செலவு எங்கேயோ போய்விடும். சுற்றுலா பஸ்ஸுக்கு என் ஓட்டு. நுழைவுக் கட்டணங்கள் டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பல சமயம் சேராது.

தெற்கு மலைப்பகுதியில் சாலை மறியல் அடிக்கடி வரும். 2022 டிசம்பர் 7 அன்று அதிபர் பெட்ரோ கஸ்டீயோ பதவி நீக்கப்பட்டதும் வெடித்த போராட்டத்தில் புனோ, குஸ்கோ சாலைகள் வாரக்கணக்கில் அடைபட்டன. மறு மாதம் மச்சு பிச்சுவையே மூடினார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்கும் 'சூத்ரான்' என்ற அரசு அமைப்பு எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்று இணையத்தில் வெளியிடுகிறது. மலைக்குள் போகும் முன் அதை ஒரு முறை பாருங்கள்.

கொலெக்டிவோ: குஸ்கோவைச் சுற்றி

ஊருக்கு ஊர் ஓடும் பங்கு வண்டிதான் கொலெக்டிவோ. வேனாகவும் இருக்கும், காராகவும் இருக்கும். நேர அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்தால் கிளம்பும். குஸ்கோவில் பவித்தோஸ் தெருவுக்குப் போனால் "ஒயாண்டா, ஒயாண்டா" என்று கூவிக்கொண்டிருப்பார்கள். ஒயாண்டைடாம்போ என்ற ஊரின் செல்லப் பெயர். நான் போன அன்று வேனில் ஒரு சீட் காலி. ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டே இருபது நிமிஷம் நின்றார். கடைசியில் ஓர் அம்மா, முதுகில் கட்டிய வண்ணத்துணிக்குள் குழந்தையோடு வந்து உட்கார்ந்ததும் வண்டி உருண்டது.

ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம், தலைக்கு 15 சோல் அளவில். அதே தூரத்துக்குத் தனி டாக்சி 100 சோலைத் தாண்டும். தனியாளாக, ஒரு பையோடு, பகலில் போகிறீர்களா? கொலெக்டிவோ போதும். நாலு பேர் பெட்டிகளோடு என்றால் டாக்சி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், தலைக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசமும் வராது. மராஸ் உப்பளம், மொராய் என்ற இன்கா கால வட்டப் படிக்கட்டு வயல் பார்க்க இரண்டையும் கலந்து போவது நல்லது: கொலெக்டிவோவில் மராஸ் பிரிவில் இறங்கி, அங்கே நிற்கும் டாக்சியைப் போக வரப் பேசிக்கொள்ளலாம்.

டாக்சிதான் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ வந்து இறங்குபவர்கள், ஊருக்குள் தங்காமல் நேராக ஒயாண்டைடாம்போவுக்கு இறங்கிவிடுங்கள். அது 2,800 மீட்டர்தான். முதல் இரண்டு இரவு அங்கே தூங்கிவிட்டு அப்புறம் குஸ்கோ ஏறினால் சொரோச்சே தொல்லை நிறையக் குறையும். பெட்டியோடும் களைப்போடும் பவித்தோஸ் தெருவில் நிற்க வேண்டாம். அந்த 100 சோல் மருந்துச் செலவு மாதிரி.

இருட்டிய பிறகு கார் கொலெக்டிவோ மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே ஓட்டுநர் காலையிலிருந்து எத்தனை நடை அடித்திருப்பார் என்று நமக்குத் தெரியாது.

மச்சு பிச்சு: ரயிலா, வேனா?

மச்சு பிச்சு அடிவாரத்தில் இருக்கும் அகுவாஸ் காலியெந்தெஸுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஒயாண்டைடாம்போவிலிருந்து ரயிலில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் விலை கொஞ்சநஞ்சமல்ல. மலிவு வழி, குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் போய் இத்ரோஎலெக்ட்ரிகா என்ற நீர்மின் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிப் பத்துக் கிலோமீட்டர் நடப்பது. வழியில் 4,316 மீட்டர் மலாகா கணவாய். சாந்தா மரியா தாண்டியதும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு வரை பள்ளம்.

அந்த நடை எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்றுச் சத்தம், வாழைத்தோப்பு, சமதளம். ஆனால் வேன் பயணத்தை மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களுக்குத்தான் சிபாரிசு செய்வேன். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, மண்சரிவு. அப்போது ரயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். போன அன்றே திரும்பி வேன் பிடிப்பதும் எந்த மாதத்திலும் வேண்டாம். நுழைவு நேரம் தாமதமானால் தண்டவாளத்தில் ஓட வேண்டி வரும், குஸ்கோ திரும்ப நடுராத்திரி ஆகும்.

ஊருக்குள்

லிமா டாக்சிகளில் மீட்டர் கிடையாது. கதவைத் திறக்கும் முன்பே, ஜன்னல் வழியாக, இடத்தைச் சொல்லி விலையைப் பேசி முடிக்க வேண்டும். ஸ்பானிஷ் தெரியாதவர்களுக்கு ஆப்தான் நல்லது. ஊபர், கபிஃபை எல்லாம் ஓடுகின்றன, வண்டி எண்ணும் பதிவாகிறது. விமான நிலைய வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர்களோடு போகாதீர்கள். மிராஃப்ளோரெஸுக்கு விமான நிலைய பஸ்ஸும் இருக்கிறது. ஒருவராக வந்தால் அது நல்ல தேர்வு, ராத்திரி வந்தால் ஆப் டாக்சி.

எதில் ஏறினாலும் பையில் சில்லறை இருக்கட்டும். 'சென்சியோ' இருக்கிறதா என்பதுதான் ஓட்டுநர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. 15 சோல் பயணத்துக்கு 100 சோல் நோட்டை நீட்டினால் மீதி வராது. காலையில் பேக்கரியில் ரொட்டி வாங்கும்போதே பெரிய நோட்டை மாற்றிக்கொள்வது என் வழக்கம். வாங்கிய ரொட்டி கொலெக்டிவோ நிறையும் வரை கொறிக்க உதவும்.